சிங்கத்தின் கையில் எதைக் கொடுப்பது

சிங்கம் என்றால் வீரம், கழுகு என்றால் உயர்ந்த நோக்கம், நீலம் என்றால் விசுவாசம், தங்க நிறம் என்றால் தாராள மனம். இதையெல்லாம் ஒரு காலத்தில் நான் மனப்பாடமாகச் சொல்வேன். சொல்வது என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது.

ஷார்ஜாவில் ரோலா பஸ் நிலையத்துக்கு எதிரே ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு மேல் மாடியில் எங்கள் எம்பிராய்டரி கடை. பள்ளிக்கூடச் சட்டைப் பை, ஓட்டல் சிப்பந்திகளின் கோட்டு, செக்யூரிட்டிகளின் தோள்பட்டை, தொப்பி என்று எதில் சின்னம் வேண்டுமோ அதில் தைத்துக் கொடுப்போம். கரூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள் நான். கல்யாணமாகி ஷார்ஜா வந்த கொஞ்ச நாளிலேயே இந்த வேலை கிடைத்துவிட்டது. இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் இருக்கும். வாடிக்கையாளர் கொண்டுவரும் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த இடத்தில் எந்த நிற நூல், தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று வரைந்து கொடுப்பேன். அதை மெஷினில் போட்டு ஓட்டுவது அக்கா.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை செய்துவிட்டு வளைகுடாவுக்கு வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "மெசினைக் கட்டினனான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். நூல் அறுந்தால் அந்தச் சத்தத்திலேயே எந்த ஊசி என்று சொல்லிவிடுவார். மத்தியானம் அவருடைய டப்பாவில் புட்டும் என்னுடைய டப்பாவில் தயிர்ச்சோறும் இருக்கும். பாதிப் பாதி மாற்றிக்கொள்வோம். என்னைப் "பிள்ளை" என்பார். கோபம் வந்தால் மட்டும் "நீர்".

அர்த்தம் சொல்லும் அட்டை முதலாளியின் யோசனை. முதலாளி மலையாளி, எல்லோருக்கும் அவர் இக்கா. கேடயமும் சிங்கமும் கிரீடமும் வைத்த சின்னங்களுக்கு அப்போது ஒரு மவுசு வந்திருந்தது. புதிதாகத் திறக்கும் பள்ளிக்கூடம், டயர் கடை, பேச்சலர் ரூம்களின் கிரிக்கெட் டீம், எல்லோருக்கும் இங்கிலீஷ்காரன் கோட்டில் இருப்பது போல வேண்டும். "இதுக்கெல்லாம் ஒரு அர்த்தம் காணும் மோளே, நீ இன்டர்நெட்டில் நோக்கு" என்றார் இக்கா. நான் தேடி எடுத்து, அச்சடித்து, லேமினேட் செய்து மேஜைக்குப் பின்னால் ஒட்டினேன். வியாபாரத்துக்கு அது மிகவும் உதவியது. டயர் கடைக்காரரிடம் "கழுகு உயர்ந்த நோக்கத்தைக் குறிக்கும்" என்றால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்போ ரெண்டு கழுகு வெச்சோளூ" என்பார்.

வியாபாரத்துக்காக மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பினேன். பழைய காலத்துப் பிரபு ஒருவர் தன் குணத்தையெல்லாம் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகமும் நிறமும் தேர்ந்தெடுத்திருப்பார் என்று கற்பனை செய்துகொள்வேன். யாருக்கும் தெரியாத ஒரு பாஷை எனக்குப் படிக்கத் தெரியும் என்ற பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமையைக் குலைத்தவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. துபாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியை. கணவருடைய பழைய கோட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மார்பில் பச்சைக் கேடயம், அதில் மூன்று கோழிகள், அங்கங்கே நூல் பிரிந்திருந்தது. அதே மாதிரி புதிதாகத் தைக்க வேண்டும். நான் வழக்கம்போல அட்டையைக் காட்டி, "சேவல் என்றால் விழிப்பு, துணிவு" என்றேன்.

"இது சேவல் இல்லை, பெட்டை" என்றார்.

அட்டையில் பெட்டைக்கோழிக்கு அர்த்தம் போட்டிருக்கவில்லை. நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை; வகுப்பில் பிள்ளைகளிடம் சிரிப்பது போல. அவர் புகுந்த வீட்டுக் குடும்பப் பெயரைச் சொன்னால் அதில் கோழிக்கான இங்கிலீஷ் வார்த்தையின் சத்தம் வருமாம். அதனால் எந்தக் காலத்திலோ ஒரு தாத்தா கோழியைப் போட்டுவைத்தாராம். அவ்வளவுதான். இப்படிப் பெயரை வைத்து வேடிக்கையாகப் போட்டவைதான் நிறைய என்றார்.

"அப்போ சிங்கம்?" என்று கேட்டேன்.

"ராஜா சிங்கம் வைத்திருந்தார். ராஜாவிடம் இருந்தது மற்றவர்களுக்கும் வேண்டியிருந்தது." கோட்டின் கோழிகளைத் தடவிக்கொண்டே, "வீரம், விசுவாசம் என்பதெல்லாம் பெரும்பாலும் பிற்பாடு வந்தவை. பார்க்கிறவர்கள் அர்த்தம் கேட்டால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்?" என்றார்.

அவர் போனபிறகு எனக்கு முகமே சரியில்லை. வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்று பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் படித்தோம். மீனுக்கு என்ன அர்த்தம் என்று எந்த டீச்சரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. என் கணவரிடம் சொன்னேன். அஜ்மானில் கணக்கு எழுதும் வேலை அவருக்கு. "கம்பெனி லோகோ மாதிரிதான். அடையாளம் தெரிஞ்சாப் போதாதா?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கோழிகளை மெஷினில் ஓட்டிக்கொண்டே சொன்னார்: "அது அவவின்ரை கோழி. அதிலை ஒண்டும் இல்லையெண்டு அவ சொல்லலாம். அதுக்காக எல்லாக் கோழியும் அப்பிடி எண்டு சொல்லேலுமே?"

சில வாரம் கழித்து ராஸ் அல் கைமாவிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு செராமிக் தொழிற்சாலையில் ஃபோர்மேன். நாற்பது வயதிருக்கும். கட்டையான உருவம்; நகக்கண்ணில் கழுவியும் போகாத வெள்ளைத் தூசி. தொழிற்சாலைக் கேம்ப்களுக்குள் வாலிபால் போட்டி நடக்கப்போகிறது, எங்கள் டீம் சட்டைக்குச் சின்னம் தைக்க வேண்டும் என்றார். கையில் ஒரு பிஸ்கட் டின்னின் மூடி. அதில் இங்கிலீஷ் பாணியில் ஒரு கேடயம். உள்ளே பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம். முன்னங்காலில் ஒரு வாள்.

"இதே மாதிரி வேணும் தங்கச்சி. கம்பீரமா இருக்குல்ல?"

மூடியிலிருந்த பிஸ்கட் பெயரை மட்டும் எடுத்துவிட்டு "சிங்கம்புணரி பாய்ஸ்" என்று போடச் சொன்னார். நான் அட்டையைக் காட்டவில்லை. அந்த அம்மா வந்துபோன பிறகு அதைக் காட்டுவதில் எனக்கு உற்சாகம் போய்விட்டிருந்தது. படத்தை வாங்கி இரண்டு நாளில் வரைந்து முடித்தேன். பிடரிக்கு மூன்று விதமான மஞ்சள், வாளுக்கு வெள்ளி நூல். எனக்கே திருப்தியாக இருந்தது. காலையில் அக்காவின் மெஷினுக்கு அனுப்பினேன்.

மத்தியானம் வரை மெஷின் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். துணியைச் சட்டத்தில் மாட்டி, நூல் எல்லாம் கோத்துத் தயாராக வைத்துவிட்டு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். திரையில் சிங்கம் நின்றது.

"மெஷின் ரிப்பேருங்களா அக்கா?"

"இல்லைப் பிள்ளை."

"உடம்புக்கு ஏதாச்சும்?"

"இல்லை." திரையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "நான் ஓட்டமாட்டன் எண்டு சொல்லேல்லை. வேலை எண்டால் செய்யத்தான் வேணும். கொஞ்சம் இருந்திட்டுச் செய்வம் எண்டு பாத்தன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாள் பிடித்த சிங்கம் அவர்கள் நாட்டுக் கொடியில் இருக்கிறது. வரைந்துகொண்டிருந்த இரண்டு நாளும் அது எனக்குத் தோன்றவே இல்லை. நூலின் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

நான் கேட்காமலேயே அக்கா சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அந்தப் போர்க் காலத்தைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும்போது வழியில் சோதனைச் சாவடி. வெயிலில் வரிசை.

"மேலை கொடி பறக்குது. முன்னாலை நிக்கிற ஆக்களின்ரை முகத்தைப் பாக்கப் பயம். கீழை பாத்தாத் தலை சுத்துது. அதாலை அந்தச் சிங்கத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அது வாளைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது, நான் அடையாள அட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். எவ்வளவு நேரம் நிண்டனோ தெரியாது, கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. வேறை ஒண்டும் நடக்கேல்லைப் பிள்ளை. என்னை விட்டிட்டினம். ஆனா வாளோடை சிங்கத்தைக் கண்டால் எனக்கு இப்பவும் கால் உளையும்."

நான் ஃபோர்மேனுக்குப் போன் செய்தேன். டிசைனில் ஒரு சின்னப் பிரச்சினை, நேரில் வந்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். அக்கா தடுத்தார், "நீர் ஏன் உதைப் பெரிசாக்கிறீர்?" என்றார். ஆனாலும் சட்டத்திலிருந்து துணியைக் கழற்றி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை லீவு நாளில் ஃபோர்மேன் பஸ் பிடித்து வந்தார். சலவை செய்த சட்டை, தலையில் எண்ணெய் மினுமினுப்பு. இக்கா தொழுகைக்குப் போயிருந்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல, அவர் முகம் சுருங்கிப்போனது. அக்கா இருந்த பக்கம் திரும்பி எழுந்து நின்றுகொண்டார்.

"அக்கா, சத்தியமா எனக்கு அது மனசுலயே இல்லக்கா. எங்கூரு சிங்கம்புணரி. டீம்ல பாதிப் பேரு அங்கிட்டுத்தான். பேருல சிங்கம் இருக்கு, அதான் சிங்கம் போட்டோம். வேற ஒரு அர்த்தமும் இல்லக்கா."

எனக்கு அந்த வெள்ளைக்கார அம்மாவின் கோழி ஞாபகம் வந்தது. பிஸ்கட் டின்னில் கண்டெடுத்த சிங்கத்தை இவர் ஊர்ப் பெயருக்காக வைத்திருக்கிறார், எந்தத் தாத்தாவோ கோழியை வைத்த மாதிரியே. அவர் சொன்னது முழுக்க உண்மை. அக்காவின் கால் உளைவதும் உண்மை.

"மாத்திருவோம்க்கா. சிங்கம் வேணாம். புலி போட்டுக்கலாம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா அவரைப் பார்த்தார். "தம்பி, அதுக்குச் சிங்கமே நல்லம்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரித்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

"அப்ப மாடு போடுவோமா? மஞ்சுவிரட்டுக்காரங்கதானே நாங்க."

"ஏன் மாத்துவான்? உங்கடை ஊர்ப் பேரிலை கிடக்கிற சிங்கம். அது உங்களுக்குச் சொந்தம். அதை விடாதையுங்கோ. வாளை மட்டும் எடுத்துவிடுங்கோ, காணும்."

"வாள எடுத்துட்டா கை சும்மா நிக்குமேக்கா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். நான் கம்ப்யூட்டரில் வாளை அழித்துக் காட்டினேன். சிங்கம் யாரையோ நிறுத்தி வைக்க நீட்டியது போல வெறும் கையை நீட்டிக்கொண்டு நின்றது. "கை விரிச்சிருக்கு தங்கச்சி. கட்சிச் சின்னம்னு சொல்லிருவாய்ங்க" என்றார். பூ கொடுக்கலாமா என்றேன். எந்தப் பூ கொடுத்தாலும் தாமரை என்பார்கள் என்றார். கதிர் அரிவாள் என்று அவரே சொல்லி, அவரே வேண்டாம் என்றார். இலை வேண்டாம், சூரியன் வேண்டாம். சரி, கேடயத்தின் நிறத்தையாவது மாற்றலாம் என்று கறுப்பும் சிவப்பும் வைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "டீம்ல எல்லாக் கட்சிக்காரனும் இருக்கான். கேம்ப்ல அரசியலப் பேசக் கூடாதுன்னு நானே சொல்லி வெச்சிருக்கேன்." இங்கிலீஷ் பிரபுக்கள் எதையும் யோசிக்காமல் போட்டார்களோ என்னவோ, நம் ஊர்க்காரர்களுக்கு அர்த்தம் இல்லாத ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது லேசான காரியமாக இல்லை.

அக்கா டீ போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள் என்ன விளையாடப் போறியள்?"

"வாலிபாலுக்கா."

"அப்ப பந்தைக் குடுங்கோவன்."

ஃபோர்மேன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். நான் ஒரு பந்தை வரைந்து சிங்கத்தின் தூக்கிய கையில் பொருத்தினேன். வாளை ஓங்கிய அதே கை, சர்வீஸ் போடத் தூக்கிய கையாகிவிட்டது. கேடயத்துக்கு யார் கட்சிக்கும் சேராத ஒரு கடல் பச்சை. "இப்பத்தான் இது எங்க சிங்கம்" என்றார் அவர். அக்கா போய்த் துணியைச் சட்டத்தில் மாட்டினார். சாயங்காலத்துக்குள் முதல் சட்டை தயாராகிவிட்டது. பிடரி மயிரில் நான் கொடுத்த மூன்று மஞ்சள் போதாதென்று அவராகவே ஒரு செம்பழுப்பு நூலைச் சேர்த்திருந்தார். நான் எத்தனையோ டிசைன் போட்டிருக்கிறேன். அந்தச் சிங்கத்தின் முகத்தில் இருந்த களை வேறு எதிலும் வரவில்லை.

போட்டிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். இக்கா தன் வேனிலேயே அழைத்துப் போனார். என் கணவரும் வந்தார். தொழிற்சாலைக் கேம்புக்குப் பின்னால், மலையடிவாரத்தில் வலை கட்டியிருந்தார்கள். சுற்றிலும் ஒரே கூட்டம். பெண்கள் என்று பார்த்தால் நானும் அக்காவும்தான். எங்களுக்காக எங்கிருந்தோ இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த பையன்கள் வரிசையாக வந்து, "அக்கா, நீங்கதான் தச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா ஒவ்வொருவர் நெஞ்சிலும் நூல் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, இருந்ததைக் கிள்ளி எடுத்தார்.

இறுதி ஆட்டத்தில் பெஷாவர்க்காரர்களிடம் சிங்கம்புணரி தோற்றது. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பனைமரம். நம்முடையவர்கள் எம்பிக் குதித்தும் அவர்கள் முழங்கை உயரந்தான். அடித்த பந்தெல்லாம் மலையிலிருந்து உருண்டு வருவது போல வந்து விழுந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் ஆடினார்கள். ஃபோர்மேன் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டும் எழுந்து ஆடினார். "அடி தம்பி, அடி" என்று அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் பெஷாவர் கேப்டன் வந்து ஃபோர்மேனின் மார்பில் விரலை வைத்து, "ஷேர் பால் கேல்தா ஹை, பாய்" என்றார். சிங்கம் பந்து விளையாடுகிறதாம். சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டார். தங்கள் டீமுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று இக்காவிடம் அங்கேயே ஆர்டர் கொடுத்தார். அவர்கள் கேட்டது ஒட்டகம். ஏன் என்று கேட்டதற்கு, ஒட்டகம் உயரமாக இருக்கும் என்றார்.

கிளம்பும்போது ஃபோர்மேன் ஒரு சட்டையைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். மாற்று ஆட்டக்காரனுக்குத் தைத்தது. அவன் அவசர லீவில் ஊருக்குப் போய்விட்டான். "உங்களுக்குப் பிடிக்கலன்னா வேணாம்க்கா" என்றும் சேர்த்துச் சொன்னார். அக்கா வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வேனில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அதன் மேல் கையை வைத்திருந்தார். போடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கடையில் ஏ.சி. குளிர் தாங்காத நாட்களில் சேலைக்கு மேல் அதைத்தான் ஸ்வெட்டர் மாதிரிப் போட்டுக்கொள்வார். வருகிறவர்கள் அது என்ன சின்னம் என்று கேட்பார்கள். ஒருவரிடம் "எங்கடை தம்பியவையின்ரை டீம்" என்பார். இன்னொருவரிடம் "சும்மா, குளிருக்கு" என்பார். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டபோது, "இந்தச் சிங்கம் வேலையை விட்டிட்டு விளையாட வந்திட்டுது" என்றார்.

நானும் அதற்குப் பிறகு வாடிக்கையாளர்களுக்கு அர்த்தம் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக, ஏன் உங்களுக்கு இது வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். அப்படிக் கேட்டால் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பஞ்சாபி லாரிக்காரர் ஒருவர் மயிலைப் போடச் சொன்னார்; மகள் அதைத்தான் நன்றாக வரைவாளாம். இப்படி அரை மணி நேரம் கதை கேட்டால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று இக்கா சலித்துக்கொள்வார். அவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

இரண்டு வருஷம் கழித்து ஃபோர்மேனுக்கு ஓமானில் வேலை கிடைத்து சலாலாவுக்குப் போனார். அங்கிருந்து ஒரு நாள் போன். வெளியே மழைத் தூறல் விழுகிறது, ஷார்ஜாவில் நீங்கள் வெந்துகொண்டிருப்பீர்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். அங்கேயும் ஒரு டீம் சேர்த்துவிட்டாராம். இந்த முறை சிங்கம்புணரிக்காரர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கேரளா, நேபாளம், இரண்டு பேர் நுவரெலியா. சட்டை வேண்டும், தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்ப முடியுமா என்றார்.

"சின்னம் என்னங்க போடறது?"

"தேங்கா போட்டுருங்க தங்கச்சி."

"தேங்காயா?"

"கிரவுண்டச் சுத்தி அதான் நிக்குது. எல்லாரையும் கேட்டுட்டேன். தேங்காயப் பத்தி ஒருத்தனுக்கும் ஒரு சண்டையும் இல்ல."

அக்கா அடுத்த மாதம் கனடாவுக்குப் போவதாக இருந்தது. அவருடைய தம்பி கூப்பிட்டிருந்தான், காகிதமெல்லாம் வந்துவிட்டது. புது வேலை எதையும் எடுக்க வேண்டாம் என்று இக்கா அவரிடம் சொல்லியிருந்தார். நான் தேங்காயை வரைந்து முடித்தபோது அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "குடுமி வைக்க மறந்திட்டீர்" என்றார். நான் குடுமியை வரைவதற்குள் பழுப்பு நூல் கோனை எடுத்து மெஷினில் மாட்டிவிட்டார்.